1054: ஓர் ஆண்டைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

டிசம்பர் கடைசி வாரத்தில் பத்திரிகைகளில் ‘இந்த ஆண்டு’ என்று ஒரு பக்கம் வரும். ஜனவரியில் தேர்தல், மே மாதம் புயல், யார் யார் காலமானார்கள், யாருக்கு விருது என்று மாதவாரியாகப் போட்டிருப்பார்கள். இதே போல ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய ஓர் ஆண்டுக்கும் ஒரு பக்கம் போட முடியுமா? முடியும். கலைக்களஞ்சியங்களில் போட்டும் இருக்கிறார்கள். நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள் என்று மூன்று தலைப்பு. கீழே ஒற்றை வரிகள். பார்ப்பதற்கு ரயில் நேர அட்டவணை மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு வரியும் அந்த இடத்தில் எப்படி வந்து உட்கார்ந்தது என்று கேட்க ஆரம்பித்தால் விஷயம் சூடு பிடிக்கும்.

உதாரணத்துக்கு 1054-ஐ எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆண்டில் வானத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. கிறிஸ்தவத் திருச்சபை கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிளந்தது. கொப்பம் போரில் சோழ மன்னன் ஒருவன் யானை மேலேயே உயிர்விட்டான். மூன்றும் புத்தகங்களில் இருக்கும் செய்திகள்தான். மூன்றிலும் ஒரு சின்ன ‘ஆனால்’ ஒளிந்திருக்கிறது.

முதலில் அந்த எண்ணையே பார்ப்போம். அன்று உலகில் வாழ்ந்த பெரும்பாலான மக்களுக்கு அது 1054 இல்லை. மேற்கு ஐரோப்பாவின் மடங்களில் இருந்த துறவிகள் கிறிஸ்து பிறந்ததிலிருந்து எண்ணினார்கள். அங்கேயும் புத்தாண்டு ஜனவரி 1-ஆம் தேதிதான் என்று இல்லை. சில இடங்களில் கிறிஸ்துமஸ் அன்று பிறக்கும், சில இடங்களில் மார்ச் 25 அன்று. ஸ்பெயினில் 38 ஆண்டுகள் கூடுதலாகக் காட்டும் வேறொரு கணக்கு இருந்தது. அவர்களுக்கு அது 1092. கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) உலகம் படைக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணினார்கள். அங்கே 6562 நடந்துகொண்டிருந்தது, செப்டம்பர் பிறந்ததும் 6563 ஆகிவிட்டது. பாக்தாத்திலும் கெய்ரோவிலும் ஹிஜ்ரி 445 முடிந்து, ஏப்ரல் நடுவில் 446 தொடங்கியது. சீனாவில் பேரரசர் சூட்டும் சகாப்தப் பெயர்தான் கணக்கு. அந்த ஆண்டு நடுவழியிலேயே பெயரை மாற்றிவிட்டார்கள், ‘ஹுவாங்யூ 6’ என்று தொடங்கிய வருடம் ‘சிஹே 1’ ஆகிவிட்டது. தக்காணத்தில் சக ஆண்டு 976, அறுபது ஆண்டுச் சுழற்சியில் ‘ஜய’. சோழ நாட்டிலோ மன்னனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதே பேச்சு.

ஆக, ‘1054-இல் நடந்தவை’ என்ற பட்டியல், ஏழெட்டுக் கடிகாரங்களைப் பின்னால் வந்தவர்கள் ஒரே கடிகாரத்துக்கு மாற்றி எழுதியது. மாற்றும்போது சில வரிகள் கச்சிதமாகப் பொருந்தும், சில ஆடும்.

கச்சிதமாகப் பொருந்தியதற்கு நல்ல எடுத்துக்காட்டு அந்த நட்சத்திரம். சிஹே முதல் ஆண்டு, ஐந்தாம் மாதம், ‘ஜிச்சோவ்’ என்ற நாளில் கிழக்கு வானில் ஒரு ‘விருந்தாளி நட்சத்திரம்’ தோன்றியதாகச் சீன அரசவைப் பதிவுகள் சொல்கின்றன. சீனர்கள் நாட்களுக்கும் அறுபது பெயர் கொண்ட ஒரு சுழற்சி வைத்திருந்தார்கள். அது இடையே அறுபடாமல் ஓடியதால், இன்று உட்கார்ந்து கணக்குப் போட்டால் 1054 ஜூலை 4 என்று துல்லியமாக வருகிறது. வெள்ளிக் கோளைப் போலப் பட்டப்பகலில் 23 நாட்கள் தெரிந்தது, நான்கு பக்கமும் கதிர் நீட்டியிருந்தது, நிறம் செம்மை கலந்த வெள்ளை என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். இரவில் அது கண்ணைவிட்டு மறைந்தது 1056 ஏப்ரலில்தான். யாங் வெய்தே என்ற வானியல் அதிகாரி இதைப் பேரரசருக்கு நல்ல சகுனம் என்று அறிவித்தார். அவர் நிலையில் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

தோன்றிய இடம் ‘தியன்குவான்’ என்ற நட்சத்திரத்துக்கு அருகில், அதாவது ரிஷப விண்மீன் கூட்டத்தில் காளையின் தெற்குக் கொம்பு நுனியில். 1731-இல் ஜான் பெவிஸ் என்ற ஆங்கிலேயர் அதே இடத்தில் தொலைநோக்கியில் ஒரு மங்கலான புகைத்திட்டைக் கண்டார். இன்று அதன் பெயர் நண்டு நெபுலா. இருபதாம் நூற்றாண்டில் எடுத்த படங்களை ஒப்பிட்டபோது அது ஆண்டுக்காண்டு விரிந்துகொண்டே போவது தெரிந்தது. விரியும் வேகத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் சுமார் 900 ஆண்டுகள். எட்வின் ஹபிள் 1928-இல் இதையும் சீனப் பதிவையும் இணைத்தார். 1968-இல் அதன் நடுவே நொடிக்கு ஏறக்குறைய 30 முறை சுழன்று, சீரான துடிப்புகளாகக் கதிர் வீசும் ‘பல்சர்’ என்ற அடர்த்தியான விண்பொருள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வெடித்த நட்சத்திரத்தின் மிச்சம் அது.

சரி, இதில் ‘ஆனால்’ எங்கே? நண்டு நெபுலா நம்மிடமிருந்து சுமார் 6500 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. வெளிச்சம் வந்து சேரவே அத்தனை ஆண்டுகள். அப்படியானால் நட்சத்திரம் வெடித்தது கி.மு. ஆறாம் ஆயிரத்தாண்டை ஒட்டி எப்போதோ. 1054-இல் நடந்தது அந்தச் செய்தி பூமிக்கு வந்ததுதான். பட்டியலில் ‘நட்சத்திரம் வெடித்தது’ என்று ஒரு வரி போட்டால், நடந்த நாளுக்குப் பதில் தபால் வந்து சேர்ந்த நாளைப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். சீனப் பதிவில் இன்னொரு நெருடலும் உண்டு: விருந்தாளி நட்சத்திரம் தியன்குவானுக்குத் தென்கிழக்கே என்று எழுதியிருக்கிறது, நெபுலா இருப்பதோ வடமேற்கே. எழுதியவர் திசையை மாற்றிப் போட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டு ஆய்வாளர்கள் நகர்ந்துவிடுகிறார்கள்.

அதே நட்சத்திரத்தைப் பற்றி மேற்கே பேசியவர் ஒருவர் உண்டு. பாக்தாதைச் சேர்ந்த கிறிஸ்தவ மருத்துவர் இப்னு புத்லான். ஹிஜ்ரி 446-இல் மிதுன ராசியில் ஒரு நட்சத்திரம் தோன்றியதாகவும், அந்த இலையுதிர் காலத்தில் கான்ஸ்டான்டிநோபிளில் கொள்ளைநோய் பரவிக் கல்லறைகள் நிறைந்துபோக, புனித லூக்கா கோயிலில் 14,000 பேரைப் புதைத்ததாகவும் அவர் எழுதினார். நட்சத்திரத்துக்கும் நோய்க்கும் முடிச்சுப் போடுவது அவர் காலத்து நம்பிக்கை. ஐரோப்பாவின் மேற்குப் பகுதியில், பகலிலேயே தெரிந்த இந்த அதிசயத்தைத் தெளிவாகச் சொல்லும் அன்றைய ஏடு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை வாதம் நடக்கிறது.

இப்னு புத்லான் அந்தக் கோடையில் கான்ஸ்டான்டிநோபிளில் சும்மா இருக்கவில்லை. அந்நகரத்துத் தலைமைக் குரு மிக்கேல் செருலாரியஸ் கேட்டுக்கொண்டதால், வழிபாட்டில் படைக்கும் அப்பம் பற்றி ஒரு நூல் எழுதிக் கொடுத்தார். அப்பம் அன்று அத்தனை பெரிய விவகாரம். ரோமாபுரிக்காரர்கள் புளிக்காத மாவில் அப்பம் செய்வார்கள், கிரேக்கர்கள் புளித்த மாவில். தோசை மாவுச் சண்டை போலத் தோன்றலாம். அதற்குள் யார் பெரியவர் என்ற கேள்வி இருந்தது. போப் ஒன்பதாம் லியோ கர்தினால் ஹம்பர்ட் தலைமையில் ஒரு தூதுக் குழுவை அனுப்பினார். செருலாரியஸ் அவர்களைச் சந்திக்கவே மறுத்தார். பொறுமையிழந்த ஹம்பர்ட் ஜூலை 16, சனிக்கிழமை, ஹாகியா சோஃபியா பேராலயத்துக்குள் போய், செருலாரியஸைச் சபையை விட்டு நீக்கும் ஆணையைப் பலிபீடத்தின் மேல் வைத்துவிட்டு, காலில் இருந்த தூசியை உதறிக்கொண்டு வெளியேறினார். சில நாட்களில் செருலாரியஸ் தன் பங்குக்கு அந்தத் தூதர்களைச் சபை நீக்கம் செய்தார்.

எனக்குப் பிடித்த வேடிக்கை அந்த ஆணைக்குள்ளேயே இருக்கிறது. தூய ஆவி தந்தையிடமிருந்து வருகிறார் என்று சொல்லும் விசுவாச அறிக்கையில் ‘மகனிடமிருந்தும்’ என்ற சொல்லைக் கிரேக்கர்கள் வெட்டிவிட்டார்கள் என்று ஹம்பர்ட் குற்றம் சாட்டினார். உண்மையில் அந்தச் சொல்லைப் பிற்காலத்தில் சேர்த்தது லத்தீன் தரப்பு! இன்னொன்று: ஹம்பர்ட்டை அனுப்பிய போப் லியோ ஏப்ரல் 19 அன்றே காலமாகிவிட்டார். அடுத்தவர் பதவியேற்றது 1055 ஏப்ரலில். ஜூலையில் போப்பே இல்லை. அப்படியென்றால் தூதருக்கு அதிகாரம் ஏது என்ற சட்டச் சிக்கல் பின்னால் வெகுகாலம் பேசப்பட்டது.

இங்கே ‘ஆனால்’ இன்னும் பெரியது. ‘1054: பெரும் பிளவு’ என்று பாடப்புத்தகத்தில் தடித்த எழுத்தில் போடுவார்கள். அன்று இரு தரப்பும் சில ஆட்களைத்தான் நீக்கின, ஒரு திருச்சபை இன்னொரு திருச்சபையை அல்ல. உறவு அதற்கு முன்பே கசந்திருந்தது, அதற்குப் பிறகும் தொடர்ந்தது. 1204-இல் சிலுவைப் போர் வீரர்கள் கான்ஸ்டான்டிநோபிளைக் கொள்ளையடித்தபோதுதான் சாதாரண மக்களின் மனம் முறிந்தது. ஆனாலும் தேதி வேண்டுமே! நாடகத்தனமான ஒரு காட்சி கிடைத்ததால் 1054-இல் ஆணி அடித்துவிட்டார்கள். அந்த இரண்டு நீக்க ஆணைகளையும் 1965 டிசம்பர் 7 அன்று, 911 ஆண்டுகள் கழித்து, போப் ஆறாம் பவுலும் கான்ஸ்டான்டிநோபிள் தலைமைக் குரு முதலாம் அதெனகோரஸும் சேர்ந்து விலக்கிக்கொண்டார்கள்.

பலிபீடத்தில் ஆணை விழுந்த மறுநாள், ஜூலை 17, ஜெர்மனியின் ஆஹன் நகரில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு முடிசூட்டினார்கள். பெயர் நான்காம் ஹென்றி. வளர்ந்தபின் 1077-இல் கனோசா கோட்டை வாசலில், பனியில், ஒரு போப்பின் மன்னிப்புக்காகக் காத்து நின்ற அதே ஹென்றி. ஜூலை 27-இல் ஸ்காட்லாந்தில் மேக்பெத் மன்னன் போரில் தோற்றான். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் அவன் அங்கேயே செத்துவிடுவான். நிஜத்தில் 1057 வரை இருந்தான்.

இப்போது கொப்பத்துக்கு வருவோம். ராஜேந்திர சோழனின் மகன் ராஜாதிராஜனுக்கும் மேலைச் சாளுக்கிய மன்னன் ஆகவமல்லன் என்ற முதலாம் சோமேசுவரனுக்கும் நீண்டகாலப் பகை. கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட வேங்கி நாடு யார் செல்வாக்கில் இருப்பது என்பது அதில் முக்கியமான பிரச்சினை. பேராற்றங்கரைக் கொப்பத்தில் மோதியபோது, சாளுக்கியர்கள் குறிவைத்தது அரசன் ஏறியிருந்த யானையை. ராஜாதிராஜன் விழுந்தான், சோழப் படை கலைந்து ஓட ஆரம்பித்தது. உடன் வந்திருந்த தம்பி ராஜேந்திர தேவன் யானை மேல் முன்னேறி, யானை நெற்றியிலும் தன் தொடையிலும் அம்பு தைத்த நிலையிலேயே போரைத் திருப்பினான். தாம்பரத்துக்கு அருகிலுள்ள மணிமங்கலத்துக் கோயில் கல்வெட்டு இந்தக் களத்தை விரிவாகப் பாடுகிறது. போர்க்களத்திலேயே அவன் முடிசூடிக்கொண்டதைக் கலிங்கத்துப்பரணியும் சொல்கிறது.

இதற்கு 1054 என்ற எண் எங்கிருந்து வந்தது? கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியில் கிறிஸ்து ஆண்டு கிடையாது. ராஜாதிராஜன் இளவரசுப் பட்டம் பெற்றது 1018-இல். அவன் பெயரிலான கல்வெட்டுகள் 36-ஆம் ஆட்சியாண்டோடு நின்றுபோகின்றன. 1018-உடன் 36-ஐக் கூட்டினால் 1054. முதல் ஆண்டை எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து 1053-உம் ஆகலாம். அதனால்தான் சில நூல்களில் 1052 அல்லது 1053, சிலவற்றில் 1054. சீனர்கள் நட்சத்திரத்துக்கு நாளே சொல்கிறார்கள். நம்மூரில் மன்னன் செத்த வருடமே இரண்டு மூன்றாகப் பிரிகிறது. குறை என்று சொல்ல மனம் வரவில்லை. நோக்கமே வேறு. கோயிலுக்கு ஆடும் பொன்னும் விளைநிலமும் கொடுத்ததைப் பதிய வந்த கல்வெட்டில், அரசனின் புகழ் முன்னுரையாக வருகிறது. நமக்கு வேண்டியதை அந்த முன்னுரையிலிருந்து உருவி எடுக்கிறோம்.

இன்னொன்றும் கவனியுங்கள். சோழர்கள் இறந்த மன்னரைக் குறிக்கும்போது நாளைச் சொல்லாமல் இடத்தைச் சொல்வார்கள். சுந்தர சோழன் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’, முதலாம் ஆதித்தன் ‘தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்’. துஞ்சுதல் என்றால் உறங்குதல். அந்த வரிசையில் ராஜாதிராஜன் ‘யானைமேல் துஞ்சிய தேவர்’. பட்டியலில் ‘இறப்புகள்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு பெயரும் பிறைக்குறிக்குள் ஒரு வருடமும் மட்டும் இருக்கும்; அந்த யானை இருக்காது.

போர்க்களத்திலேயே முடிசூட்டு நடந்தது அந்த ஆண்டு இன்னோர் இடத்திலும் உண்டு. ஸ்பெயினில் அதாபுவேர்க்கா என்ற இடத்தில், செப்டம்பரில், லியோன் மன்னன் ஃபெர்னாந்தோவும் நவார் மன்னன் கார்சியாவும் மோதினார்கள். இருவரும் கூடப் பிறந்த அண்ணன் தம்பி. கார்சியா கொல்லப்பட்டான், பாசறையிலேயே, கொன்ற தரப்பின் சம்மதத்தோடு, அவன் மகன் சாஞ்சோவை அரசனாக அறிவித்தார்கள். ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லை. ஒரே வருடத்தை நீளவாக்கில் பார்க்காமல் குறுக்குவாக்கில் வெட்டிப் பார்ப்பதில் கிடைக்கும் இலவச இணைப்பு இதெல்லாம். அதாபுவேர்க்கா இன்று பிரபலமாக இருப்பது பல லட்சம் ஆண்டுப் பழைய மனித எலும்புகள் கிடைத்த குகைகளுக்காக, பாவம் கார்சியா.

இறப்புகளில் இன்னும் மூன்று பேர். கீவ் நகரை ஆண்ட அறிஞர் யாரோஸ்லாவ் பிப்ரவரி 20 அன்று இறந்தார். மகள்களைப் பிரான்ஸ், நார்வே, ஹங்கேரி அரசர்களுக்குக் கட்டிக்கொடுத்தவர். நகரத்துப் புனித சோஃபியா பேராலயச் சுவரில் யாரோ ஒருவர் ‘6562, பிப்ரவரி 20, நம் மன்னர் மறைவு’ என்ற பொருளில் கூரான எதையோ வைத்துக் கீறி வைத்திருக்கிறார். அரசவை ஏட்டைவிட அந்தச் சுவர்க் கிறுக்கல் எனக்கு நெருக்கமாகத் தெரிகிறது.

வியட்நாமில் லீ தாய் தோங் மன்னர் இறந்து மகன் லீ தான் தோங் பட்டத்துக்கு வந்தார். வந்தவுடன் நாட்டின் பெயரை ‘தாய் வியட்’ என்று மாற்றினார். இடையில் சில ஆண்டுகள் தவிர, 1804 வரை அதுவே பெயர்.

மூன்றாமவர் வங்கத்தில் பிறந்த பௌத்த ஆசிரியர் அதீசர். 1042-இல் திபெத் போனவர், 1054-இல் லாசாவுக்கு அருகே நியேதாங்கில் இறந்தார். இவருக்கும் நாகப்பட்டினத்துக்கும் ஒரு மெல்லிய நூல் உண்டு. இளமையில் அவர் சுமத்திராவுக்குக் கப்பலேறிப் போய்த் தர்மகீர்த்தி என்ற ஆசிரியரிடம் சுமார் 12 ஆண்டுகள் படித்தார். தர்மகீர்த்தி, சுமத்திராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் சூடாமணிவர்மன் ஆட்சியில் நூல் எழுதியவர். அந்த மன்னன் பெயரில்தான் நாகையில் சூடாமணி விகாரம் எழுந்தது. ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரை அதற்குக் கொடுத்தான். பிறகு 1025-இல் அதே ஸ்ரீவிஜயத்தின் மேல் ராஜேந்திரன் கப்பற்படையை அனுப்பினான். அதீசர் படித்து முடித்துத் திரும்பியதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்.

‘பிறப்புகள்’ பகுதி எப்போதும் ஒல்லியாக இருக்கும். காரணம் எளிது. சாகும்போது ஒருவர் யார் என்று ஊருக்குத் தெரியும். பிறக்கும்போது யாருக்குத் தெரியும்? இளவரசராகப் பிறந்தால் ஒழிய, பிறந்த ஆண்டு என்பது பெரும்பாலும் இறந்த ஆண்டிலிருந்து வயதைக் கழித்துக் கிடைப்பது. அந்த விஷயத்தில் ஜாதகம் எழுதிய சமூகங்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். 1054-இல் ஆறு வயதுச் சிறுவனாக இருந்த உமர் கய்யாமின் பிறந்த நாளை 1048 மே 18 என்று கணக்கிட்டது, ஒரு வரலாற்றாசிரியர் எழுதி வைத்த அவரது கிரக நிலையை வைத்துத்தான். 1054-இல் பிறந்தவர்களில் உறுதியாகச் சொல்லக்கூடியவர் சீனக் கவிஞர் சாங் லெய். அவருக்குப் பிற்காலத்தில் குருவாக அமைந்த சு ஷி என்ற பெருங்கவிஞர், அதே 1054-இல், பதினேழு வயதில், வாங் ஃபூ என்ற பெண்ணை மணந்தார். அவள் 1065-இல் இறந்தாள். பத்து ஆண்டு கழித்துக் கனவில் அவளைக் கண்டு அவர் எழுதிய பாடலைச் சீனர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். கல்யாணங்களுக்குப் பட்டியலில் தனித் தலைப்பு கிடையாது.

அப்புறம், இந்த ஆண்டுவாரிப் பட்டியல் நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. ஐரோப்பிய மடங்களில் ஈஸ்டர் எந்தத் தேதியில் வரும் என்று வரப்போகும் ஆண்டுகளுக்கு முன்கூட்டியே அட்டவணை போட்டு வைப்பார்கள். வருடத்துக்கு ஒரு வரி. ஓரத்தில் கொஞ்சம் இடம் மீதி இருக்கும். ‘இந்த வருடம் கடுங்குளிர்’, ‘மடாதிபதி இறந்தார்’ என்று அங்கே யாராவது எழுதி வைப்பார்கள். ஓரக் குறிப்புகள் வளர்ந்து தனி ஏடுகளாயின.

அப்படிப்பட்ட ஏடு எழுதியவர்களில் கெட்டிக்காரர் ஹெர்மன், கான்ஸ்டன்ஸ் ஏரியில் உள்ள ரைஹனாவ் தீவு மடத்தைச் சேர்ந்தவர். சிறுவயதிலிருந்தே கைகால் முடங்கியவர். தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும், பேச்சும் தெளிவாக வராது. அந்த நிலையில் வானியல் கருவிகளைப் பற்றி எழுதினார், இசையமைத்தார், கிறிஸ்து பிறப்பிலிருந்து தன் காலம் வரை ஆண்டு ஆண்டாக ஒரு பெரிய வரலாற்று ஏடும் எழுதினார். அந்த ஏடு 1054-இல் நின்றுவிட்டது. அந்தச் செப்டம்பர் 24 அன்று ஹெர்மன் இறந்தார். அவர் மாணவர் பெர்த்தோல்ட் எழுதுகோலை வாங்கிக்கொண்டார். அவர் எழுதிய தொடர்ச்சியில், 1054-க்கான இடத்தில், ஆசிரியரின் வாழ்க்கையும் மரணமும் இருக்கின்றன.